ஓடாமல் நிற்கும் காரின் பேட்டரி ஏன் செத்துப்போகிறது? காப்பாற்ற என்ன செய்யலாம்?

கேள்வி இதுதான்: ஊரில் வீட்டுப் போர்டிகோவில் ஒரு சிறிய பெட்ரோல் கார் நிற்கிறது. மகன் வெளிநாட்டில் இருக்கிறார், வருஷத்துக்கு இரண்டு தடவை வரும்போதுதான் அது ஓடும். அப்பா ஞாயிறு தவறாமல் 10 நிமிஷம் ஸ்டார்ட் செய்து நிறுத்துகிறார். இருந்தும் நாலு வருஷத்தில் இரண்டு பேட்டரி போய்விட்டது. மூன்றாவதையாவது எப்படிக் காப்பாற்றுவது?

முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமை 10 நிமிஷத்தை நிறுத்தச் சொல்லுங்கள். அப்பா அக்கறையோடுதான் செய்கிறார், ஆனால் அந்தப் பழக்கமே பேட்டரியைக் கெடுக்கிறது. ஏன் என்று புரிய ஒரு சின்னக் கணக்குப் போட்டால் போதும்.

சாவியை எடுத்துப் பூட்டிவிட்டுப் போனாலும் கார் முழுசாகத் தூங்குவதில்லை. ரிமோட் பூட்டுக்குக் காது கொடுக்கும் ரிசீவர், அலாரம், கடிகாரம், மியூசிக் சிஸ்டத்தின் நினைவகம், என்ஜின் கம்ப்யூட்டர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் இழுத்துக்கொண்டே இருக்கும். பழுதில்லாத காரில் இந்தக் கசிவு 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இருக்கலாம். 40 என்று வையுங்கள். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். 0.04 ஆம்பியரை 168-ஆல் பெருக்கினால் 6.7 ஆம்பியர்-மணி, அதாவது 6.7 ஏஎச். சின்னக் காரில் இருப்பது பெரும்பாலும் 35 ஏஎச் பேட்டரி. ஆக வாரத்துக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு காலி.

10 நிமிஷம் ஐட்லிங்கில் எவ்வளவு திரும்ப ஏறும்? காரில் இருப்பது ஈயத் தகடும் ஆசிட்டும் கொண்ட லெட்-ஆசிட் பேட்டரி. 80 சதவீதம் சார்ஜ் இருக்கும்போது அது 14 வோல்ட்டில் 5 முதல் 10 ஆம்பியர்தான் வாங்கும், அதுவும் நிமிஷத்துக்கு நிமிஷம் குறைந்துகொண்டே போகும். 10 ஆம்பியர் என்றே தாராளமாக வைத்தாலும் 10 நிமிஷத்தில் 1.7 ஏஎச். வீணாகிற பங்கைக் கழித்தால் ஒன்று, ஒன்றரை. 6.7 போய் 1.5 வந்தால் வாரத்துக்கு 5 ஏஎச் கடன். மூன்று நாலு வாரத்தில் பேட்டரி பாதிக்கு வந்துவிடும். சார்ஜ் இறங்க இறங்க அது கூடுதலாக வாங்கும் என்பது உண்மைதான். அதனால் ஒரேயடியாகக் காலியாகாமல் பாதிக்கும் கீழே எங்கோ ஒரு மட்டத்தில் தங்கிவிடும். செல்ஃப் எடுக்கும், என்ஜின் ஓடும், எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரியும். மாதக்கணக்கில் பாதி சார்ஜில் கிடப்பதுதான் லெட்-ஆசிட் பேட்டரிக்கு ஆகவே ஆகாதது.

செல்ஃப் அடிப்பதால்தான் பேட்டரி இறங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். 150 ஆம்பியர் 2 வினாடி போனாலும் செலவு 0.08 ஏஎச்தான். இரண்டு மணி நேரச் சொட்டுக் கசிவுக்குச் சமம், அவ்வளவே.

உள்ளே நடப்பது இது. டிஸ்சார்ஜ் ஆகும்போது தகடுகளின் மேல் லெட் சல்ஃபேட் படியும். உடனே சார்ஜ் ஏற்றினால் அந்த மெல்லிய படிவு கரைந்து மீண்டும் ஆசிட்டாகவும் ஈயமாகவும் மாறிவிடும். வாரக்கணக்கில் விட்டால் சின்னப் படிகங்கள் சேர்ந்து பெரிய, கெட்டிப் படிகங்களாகிவிடும். சாதாரண சார்ஜிங் அவற்றைக் கரைக்காது. தகட்டில் அவ்வளவு இடமும் செயலிழந்தது என்று அர்த்தம். மெக்கானிக்குகள் ‘பிளேட் சல்ஃபேட் ஆயிடுச்சு’ என்பது இதைத்தான். சூடு கூடினால் இந்த வேலை இன்னும் வேகமாக நடக்கும். பேட்டரி தானாக இறங்கும் வேகமும் ஒவ்வொரு 10 டிகிரி உயர்வுக்கும் சுமார் இரண்டு மடங்காகும். வாகனத்தைக் குளிர்ப்பிரதேசங்களில் நிறுத்துகிறவர்களுக்காக எழுதப்பட்ட ஆலோசனைகள் நம் சித்திரை வெயிலுக்கு அப்படியே பொருந்தாததற்கு இதுதான் காரணம்.

ஆனாலும் சூட்டின் பங்கை அளவோடு பார்க்க வேண்டும். எந்த இணைப்பும் இல்லாமல் தனியாக வைத்த, தகட்டு ஈயத்தில் கால்சியம் சேர்த்த இன்றைய பேட்டரி 25 டிகிரியில் மாதம் 3 சதவீதம் போல இறங்கும், 35 டிகிரியில் 6 என்று கொள்ளலாம். 35 ஏஎச் பேட்டரிக்கு அது மாதம் 2 ஏஎச். காரில் மாட்டியபடி இருந்தால் அதே மாதத்தில் கசிவு மட்டும் 29 ஏஎச். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வழி தானே தெரியும். கசிவை நிறுத்த வேண்டும், அல்லது கசிவதை அன்றன்றே நிரப்ப வேண்டும்.

முதலில் ஒரு மல்டிமீட்டர்

எந்த வழியில் போனாலும் வீட்டில் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் இருக்கட்டும். டிசி 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை பாசிட்டிவிலும் கறுப்பை நெகட்டிவிலும் தொட வேண்டும். கார் ஓடியோ சார்ஜ் போட்டோ குறைந்தது நாலு மணி நேரம் கழிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மேலோட்டமான சார்ஜ் இருந்து அளவைக் கூட்டிக் காட்டும். அவசரம் என்றால் ஹெட்லைட்டை ஒரு நிமிஷம் எரியவிட்டு அணைத்து, ஐந்து நிமிஷம் கழித்துப் பாருங்கள்.

சாதாரண பேட்டரியில் 12.6 முதல் 12.7 என்றால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால். 11.8-க்குக் கீழே காலி. ஏஜிஎம் வகை (ஆசிட்டைக் கண்ணாடி இழைப் பாயில் தேக்கி வைத்தது) என்றால் முழு சார்ஜில் 12.8-க்கு மேல் காட்டும். இதில் நினைவில் வைக்க வேண்டிய எண் 12.4. அதற்குக் கீழே போகவிடக் கூடாது, போனால் அன்றைக்கே சார்ஜ் போட வேண்டும். அப்பாவிடம் இந்த ஒரு எண்ணைச் சொல்லிக் கொடுத்தால் போதும்.

மூடி திறக்கும் பேட்டரியாக இருந்தால் ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் இன்னும் நம்பகமானது, ஏனென்றால் பேட்டரிக்குள் இருக்கும் ஆறு செல்லையும் தனித்தனியாகக் காட்டும். ஐந்து செல் 1.250-இல் இருந்து ஒன்று மட்டும் 1.180 என்றால் அந்த செல் போய்விட்டது, எவ்வளவு சார்ஜ் போட்டாலும் மீளாது. ஆசிட் மட்டம் குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும், ஆசிட் ஊற்றக் கூடாது. ஆர்ஓ தண்ணீரிலும் ஏசியிலிருந்து வடியும் தண்ணீரிலும் உப்பும் உலோகத் துகளும் இருக்கும், அவையும் வேண்டாம். தகடு தெரியும் அளவுக்கு வற்றியிருந்தால் தகடு மூழ்கும்வரை மட்டும் ஊற்றி, சார்ஜ் முடிந்தபின் மீதியை ஊற்றுங்கள். சார்ஜ் ஏறும்போது மட்டம் உயரும், முதலிலேயே நிரப்பினால் வழிந்து டிரேயை அரித்துவிடும்.

உங்கள் காருக்கு நான் சொல்லும் வழி: நெகட்டிவைக் கழற்றி வையுங்கள்

ஆறு மாதம் நிற்கப்போகிற, அலாரம் அவசியமில்லாத, வீட்டு வளாகத்துக்குள் இருக்கிற காருக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. செலவே இல்லை, கெட்டுப்போக ஒரு கருவியும் இல்லை.

செய்வதற்கு முன் ஒரு காரியம் முக்கியம். டிரைவர் கதவில் சாவித்துளை இருக்கிறதா, அதில் சாவி போட்டுத் திருப்பினால் பூட்டு வேலை செய்கிறதா என்று பாருங்கள். ரிமோட்டையே பயன்படுத்திப் பழகிய காரில் அந்தப் பூட்டு வருஷக்கணக்கில் திரும்பாமல் இறுகியிருக்கும். சில காரில் துளை ஒரு பிளாஸ்டிக் மூடிக்குள் மறைந்திருக்கும், சாவியே ரிமோட்டுக்குள் மடங்கி இருக்கும். பேட்டரி கழற்றிய பிறகு உள்ளே போக அது ஒன்றுதான் வழி. பானெட் திறக்கும் கைப்பிடி காருக்குள் இருப்பதால், உள்ளே போக முடியாவிட்டால் பேட்டரியையும் தொட முடியாது. டிக்கி மின்விசையால் மட்டும் திறக்கும் கார் என்றால் ஸ்டெப்னி, ஜாக்கி, டூல்ஸ் எதுவும் தேவைப்பட்டால் முன்பே வெளியே எடுத்துவிடுங்கள்.

பிறகு கண்ணாடிகளை ஏற்றி, சாவியை எடுத்து, ஐந்து நிமிஷம் பொறுங்கள். என்ஜின் கம்ப்யூட்டர் சில விவரங்களைச் சேமித்துவிட்டு அணைய நேரம் கொடுக்க வேண்டும். 10 எம்எம் ஸ்பேனரால் நெகட்டிவ் கிளாம்ப்பின் நட்டைத் தளர்த்துங்கள். கிளாம்ப்பை இழுக்காமல் இடம் வலமாக அசைத்து மேலே தூக்குங்கள். கழற்றிய கேபிளை ஒரு பழைய துணியிலோ சைக்கிள் டியூப் துண்டிலோ சுற்றி, தானாகப் போய் முனையைத் தொடாதபடி ஒதுக்கிக் கட்டுங்கள். பாசிட்டிவைத் தொட வேண்டியதில்லை.

ஏன் நெகட்டிவ் முதலில்? காரின் உடம்பு முழுவதும் நெகட்டிவ். பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனரின் மறுமுனை எங்காவது பாடியில் பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஸ்பேனர் வழியாகப் பாயும். ஸ்பேனர் பழுத்துப்போகும், கை வெந்துபோகும், பேட்டரி வெடிக்கவும் கூடும். நெகட்டிவில் கழற்றும்போது பாடியில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. அதனால் கழற்றுவது நெகட்டிவ் முதலில், மாட்டுவது நெகட்டிவ் கடைசியில். கையில் மோதிரம், இரும்புச் செயின் போட்ட கைக்கடிகாரம் இருந்தால் கழற்றிவிட்டு வேலை செய்யுங்கள்.

இப்படிக் கழற்றி வைத்த, முழு சார்ஜில் உள்ள பேட்டரி இரண்டு மாதம் தாராளமாகத் தாங்கும். அப்பா செய்ய வேண்டியது மாதம் ஒருமுறை வோல்ட் பார்ப்பது, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு ராத்திரி சார்ஜர் போடுவது. இடையில் காரை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். சூடேறாத என்ஜினை 10 நிமிஷம் ஓட்டி நிறுத்தினால் சைலன்சருக்குள் தண்ணீர் தங்கித் துருப்பிடிக்கும், ஆயிலில் ஈரமும் பெட்ரோலும் கலக்கும். ஆயில் நன்றாகச் சூடானால்தான் அவை ஆவியாகிப் போகும், 10 நிமிஷத்தில் அந்தச் சூடு வராது.

திரும்ப மாட்டியபின் கடிகாரமும் ரேடியோவும் அமைப்பு மாறியிருக்கும். ஒரே தொடுகையில் ஏறும் பவர் விண்டோ மறந்துபோயிருக்கும். கண்ணாடியை முழுக்க ஏற்றி, பொத்தானைச் சில வினாடி இழுத்துப் பிடித்தால் பெரும்பாலான கார்களில் சரியாகும். ஐட்லிங் கொஞ்ச நேரம் ஏறி இறங்கும். ஸ்டியரிங் விளக்கோ ஈஎஸ்பி (கார் வழுக்காமல் காக்கும் அமைப்பு) விளக்கோ எரிந்தால் ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பிச் சிறிது தூரம் ஓட்டினால் அநேகமாக அணைந்துவிடும். பழைய சில மியூசிக் சிஸ்டம் ரகசிய எண் கேட்கும், அந்த அட்டை கையில் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

அடிக்கடி ஸ்பேனர் பிடிப்பது அப்பாவுக்குச் சிரமம் என்றால், நெகட்டிவ் முனையில் மாட்டும் பித்தளை கட்-ஆஃப் ஸ்விட்ச் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைகளில் கிடைக்கும். குமிழைத் திருகினால் இணைப்பு விட்டுவிடும். மாட்டியபின் பானெட்டை மெதுவாக இறக்கி, அந்தக் குமிழ் தகரத்தில் இடிக்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

சார்ஜரில் எதைப் பார்த்து வாங்குவது

அலாரம் வேண்டும், காரை எந்த நேரமும் எடுக்கும்படி இருக்க வேண்டும் என்றால் கழற்றி வைக்க முடியாது. அப்போது பராமரிப்பு சார்ஜர் தேவை. ஸ்மார்ட் சார்ஜர் என்று விற்பார்கள். இது மூன்று கட்டமாக வேலை செய்யும். முதலில் தன்னால் முடிந்த ஆம்பியரை முழுசாகக் கொடுக்கும். 14.4 வோல்ட் வந்ததும் வோல்ட்டை அங்கேயே பிடித்து ஆம்பியரைக் குறைத்துக்கொண்டே வரும். நிரம்பியதும் 13.5 வோல்ட்டுக்கு இறங்கி, கசிவதை மட்டும் நிரப்பிக்கொண்டிருக்கும். இந்த மூன்றாவது கட்டம், அதாவது ஃப்ளோட், உள்ள சார்ஜரைத்தான் மாதக்கணக்கில் விட்டுவைக்கலாம்.

35 முதல் 60 ஏஎச் வரை உள்ள பேட்டரிக்கு 2 முதல் 4 ஆம்பியர் சார்ஜர் போதும். பொதுவான அளவு ஏஎச்சில் பத்தில் ஒரு பங்கு, 35-க்கு 3.5 ஆம்பியர். பாதி இறங்கிய பேட்டரி அதில் நாலைந்து மணி நேரத்தில் முக்கால்வாசிக்கு மேல் ஏறும். மீதி கடைசி 20 சதவீதம் ஏறத்தான் இன்னும் நாலைந்து மணி நேரம் பிடிக்கும், அங்கே அவசரம் செல்லாது. ‘ஒரு ராத்திரி’ என்று நான் சொல்வது அதனால்தான்.

நம் ஊருக்கு இரண்டு விஷயம் கூடுதலாகக் கேளுங்கள். ஒன்று, கரண்ட் போய் வந்தால் சார்ஜர் தானே தொடங்குமா? சில சார்ஜர்கள் ஒவ்வொரு தடவையும் பொத்தானை அழுத்தக் காத்திருக்கும். ஆளில்லாத வீட்டில் அப்படிப்பட்டது முதல் மின்தடையோடு நின்றுபோகும், யாருக்கும் தெரியாது. கடையிலேயே பிளக்கைப் பிடுங்கி மாட்டிப் பார்த்து வாங்கலாம். இரண்டு, வெப்பத்துக்கேற்ப வோல்ட்டைக் குறைக்குமா? 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் சுமார் 0.2 வோல்ட் குறைய வேண்டும். 40 டிகிரி வெயிலில் 13.8 வோல்ட்டை மாதக்கணக்கில் கொடுத்தால் தண்ணீர் வற்றும், பாசிட்டிவ் தகட்டின் சட்டம் அரிக்கும். அந்த வசதி இல்லாத சார்ஜரைத் தொடர்ந்து விடாமல் வாரம் ஒரு ராத்திரி போடுங்கள். 40 மில்லி ஆம்பியர் கசிவுக்கு வாரம் ஒரு தடவை என்றால் 12.4-க்குக் கீழே போகாது. இரண்டு வாரம் விட்டால் போய்விடும்.

இணைக்கும்போது சிவப்புக் கிளிப் பாசிட்டிவில், கறுப்புக் கிளிப் பேட்டரியில் இல்லாமல் பெயிண்ட் இல்லாத என்ஜின் உலோகத்திலோ பாடி எர்த் போல்ட்டிலோ. நெகட்டிவ் கேபிளைக் கழற்றி வைத்திருந்தால் மட்டும் பாடி வழியாகச் சார்ஜ் ஏறாது, கறுப்பையும் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலேயே மாட்ட வேண்டும். கிளிப் பிடித்தபின்தான் பிளக்கை ஆன் செய்ய வேண்டும். எடுக்கும்போது பிளக் முதலில் ஆஃப். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும், அதனால்தான் பொறி பறக்கும் கடைசி இணைப்பைப் பேட்டரியை விட்டுத் தள்ளி வைப்பது. அடைத்த ஷெட்டில் கதவைத் திறந்து வைத்துச் சார்ஜ் போடுங்கள். சிக்னலில் என்ஜின் தானே அணைந்து தானே ஸ்டார்ட் ஆகும் ஸ்டார்ட்-ஸ்டாப் கார்களில் இன்னொரு காரணமும் உண்டு. நெகட்டிவ் முனையில் ஒரு சென்சார் இருந்து, உள்ளே போகும் வரும் மின்சாரத்தை எண்ணும். அதைத் தாண்டிப் பேட்டரியில் நேராகக் கிளிப் போட்டால் கார் கணக்குத் தவறி, பேட்டரி காலியாக இருப்பதாகவே நினைக்கும். பாடியில் போட்டால் கணக்கு சரியாக வரும்.

சார்ஜரில் ‘ரிப்பேர்’ என்று ஒரு நிலை இருந்து 15 வோல்ட்டுக்கு மேல் போவதாக இருந்தால், பேட்டரி காரோடு இணைந்திருக்கும்போது அதைத் தொடாதீர்கள். காரின் மின்னணு பாகங்கள் பாதிக்கப்படும்.

கடைகளில் கிடைக்கும் பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜருக்கு நிறுத்தத் தெரியாது. நிரம்பியபின்னும் ஏற்றிக்கொண்டே இருக்கும், 15, 16 வோல்ட் வரை போகும். பக்கத்தில் ஆள் இருந்து, ஒரு மணிக்கு ஒருமுறை வோல்ட் பார்த்து, 14.4-இல் எடுத்துவிடுவதாக இருந்தால் அவசரத்துக்கு உதவும். வீட்டு இன்வெர்ட்டரில் கார் பேட்டரியை மாட்டி ஏற்றும் பழக்கமும் வேண்டாம். அது 150 ஏஎச் பேட்டரிக்கு 10, 15 ஆம்பியர் கொடுக்கும்படி செய்தது. 35 ஏஎச்சுக்கு அது பல மடங்கு.

ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னல் நாட்களில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சார்ஜர் ஒயரை பானெட் ஓரத்தில் எலிக்கு வழிவிடாதபடி கொண்டுபோங்கள். நிரந்தரமாக மாட்டும் ஒயர் என்றால் பாசிட்டிவ் முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் 5 அல்லது 7.5 ஆம்பியர் ஃபியூஸ் இருக்க வேண்டும்.

சோலார்

போர்டிகோ நிழலில் நிற்கும் உங்கள் காருக்கு இது பயன்படாது. வெட்டவெளியில், பிளக் பாயின்ட் எட்டாத இடத்தில் நிற்கும் வண்டிக்கு நல்ல வழி. 10 வாட் பேனல் உச்சி வெயிலில் அரை ஆம்பியர் கொடுக்கும். நல்ல நாளில் ஐந்து மணி நேரக் கணக்கில் 2.5 ஏஎச். கண்ணாடிக்குள் டேஷ்போர்டில் வைத்தால் பாதி போய்விடும். மிச்சம் 1.2 அல்லது 1.3. நாளொன்றுக்குக் கசிவது சுமார் ஒன்று. ஆக உள்ளே வைக்க 10 வாட், கூரைமேல் வைக்க 5 வாட் என்று கொள்ளலாம். 5 வாட்டுக்கு மேல் என்றால் சார்ஜ் கன்ட்ரோலர் கட்டாயம். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் பேனல்கள் பல கார்களில் வேலை செய்யாது, சாவியை எடுத்ததும் அந்த சாக்கெட்டுக்குத் தொடர்பு அறுந்துவிடும். பேட்டரி முனைக்கு நேராகப் போக வேண்டும், ஃபியூஸோடு.

கசிவு அளவுக்கு மீறி இருந்தால்

முழு சார்ஜில் விட்ட பேட்டரி நாலைந்து நாளிலேயே 12.2-க்கு வந்தால் எங்கோ கூடுதலாகப் போகிறது. வெளியே வாங்கி மாட்டிய சாமான்களைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். நிறுத்தி வைத்த நேரத்திலும் படம் பிடிக்கும் டேஷ்கேம் 200 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கும், மூன்று நாலு நாளில் 35 ஏஎச் பேட்டரியைப் பாதியாக்கும். ஜிபிஎஸ் டிராக்கர், ஆம்ப்ளிஃபயர், அணையாத டிக்கி விளக்கு, கிளவ் பாக்ஸ் விளக்கு ஆகியவை அடுத்து. சாவியில்லாமல் திறக்கும் கார் என்றால் சாவியைக் காருக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டாதீர்கள். சாவியின் அலை எட்டும் தூரத்தில் இருந்தால் சில கார்கள் திரும்பத் திரும்ப விழித்துக்கொள்ளும். ஃபாஸ்டேக் மேல் பழி போடுகிறவர்களும் உண்டு. அது மின்சாரமே இல்லாத ஸ்டிக்கர், பேட்டரியிலிருந்து எதுவும் எடுப்பதில்லை.

அளக்க வேண்டுமானால் பானெட்டைத் திறந்து, அதன் பூட்டு நாக்கை ஸ்குரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளி, கதவுகளைப் பூட்டி, 45 நிமிஷம் விடுங்கள். கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகத் தூங்க அவ்வளவு நேரம் ஆகலாம். மீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, ஒரு முனையை நெகட்டிவ் கேபிளிலும் மற்றதை நெகட்டிவ் முனையிலும் கிளிப்பால் பிடித்துக்கொண்டு, அதற்குப் பிறகு கிளாம்ப்பைத் தூக்குங்கள். இணைப்பு ஒரு கணம் விட்டாலும் எல்லாம் விழித்துக்கொள்ளும், மறுபடி 45 நிமிஷம். 0.05-க்குள் இருந்தால் சரி. 0.1-ஐத் தாண்டினால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எதை எடுத்ததும் அளவு சட்டென்று இறங்குகிறதோ அந்த வரிசையில்தான் கோளாறு. மீட்டர் நடுவில் இருக்கும்போது செல்ஃப் அடித்தால் மீட்டர் ஃபியூஸ் போகும்.

ஏற்கெனவே இறங்கிப்போன பேட்டரி

10 வோல்ட்டுக்குக் கீழே போனதைப் பல ஸ்மார்ட் சார்ஜர்கள் பேட்டரியாகவே ஏற்காது. நல்ல பேட்டரி ஒன்றை ஜம்பர் கேபிளால் சில நிமிஷம் இணைத்து வோல்ட்டைத் தூக்கிவிட்டால் ஏற்கத் தொடங்கும். 1 அல்லது 2 ஆம்பியரில் ஒரு முழு நாள் ஏற்றுங்கள். மேல்கூடு கையால் தொட முடியாத அளவுக்குச் சூடானாலோ அழுகிய முட்டை வாடை வந்தாலோ உடனே பிளக்கை அணைத்துவிட வேண்டும். சார்ஜ் முடிந்து ஒரு நாள் விட்டு அளந்தால் 12.5-க்கு மேல் நிற்கிறதா என்பதே தேர்வு. அத்தோடு செல்ஃப் அடிக்கும்போது மீட்டரைப் பாருங்கள், 9.6-க்குக் கீழே விழுந்தால் திறன் போய்விட்டது. எவ்வளவு ஏற்றினாலும் 10.5 பக்கமே நிற்கிறது என்றால் ஆறில் ஒரு செல் செத்துவிட்டது. எப்சம் உப்பு போடுவது, ஆசிட் மாற்றுவது எல்லாம் கெட்டிப்பட்ட படிகத்தைக் கரைக்காது.

ஜம்பர் போட்டு ஸ்டார்ட் செய்த காரை அப்படியே ஓட்டியே ஏற்றிவிடலாம் என்று எண்ணாதீர்கள். முழுக்கக் காலியான பேட்டரியை நிரப்ப ஆல்டர்னேட்டர் (என்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் கருவி) வெகுநேரம் உச்ச அளவில் உழைக்க வேண்டியிருக்கும், சூடாகி டயோடு போக வாய்ப்புண்டு. ஊர் சேர்ந்ததும் சார்ஜரில் போடுங்கள். பேட்டரி முழுக்கச் செத்த இன்றைய கார் தள்ளினாலும் ஸ்டார்ட் ஆகாது. என்ஜின் கம்ப்யூட்டருக்கும் பெட்ரோல் பம்ப்புக்கும் மின்சாரம் வேண்டும். எஃப்ஐ (ஃபியூவல் இன்ஜெக்ஷன்) பைக்குக்கும் பெரும்பாலும் இதே கதைதான், கிக்கர் இருந்தாலும்.

பைக், பஸ், டிராக்டர், மின்சார ஸ்கூட்டர்

பைக் பேட்டரி பெரும்பாலும் 3 முதல் 14 ஏஎச் வரை. 4 ஏஎச்சுக்கு 0.4 ஆம்பியர்தான் அளவு, கார் சார்ஜரின் 4 ஆம்பியரைக் கொடுத்தால் கூடு உப்பிவிடும். 1 ஆம்பியருக்குக் குறைந்த பைக் நிலை உள்ள சார்ஜர் வாங்குங்கள், அல்லது கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். சிமென்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்பது மரக்கூடும் ரப்பர் கூடும் இருந்த காலத்துப் பேச்சு. இன்றைய பிளாஸ்டிக் கூட்டுக்கு அது பொருந்தாது.

கோடை விடுமுறையில் நிற்கும் பள்ளிப் பேருந்துகளில் 24 வோல்ட்டுக்காக இரண்டு பேட்டரிகள் தொடர் இணைப்பில் இருக்கும். ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்துப் பாட்டுப் பெட்டிக்குக் கொடுத்திருந்தால் அந்த ஒன்று எப்போதும் முந்தி இறங்கும், மற்றது அதிகமாக ஏறிக் கொதிக்கும். விடுமுறைக்கு நிறுத்தும்போது இரண்டையும் பிரித்து 12 வோல்ட் சார்ஜரில் தனித்தனியாக நிரப்பி, பிரித்தபடியே விடுவது நல்லது. கட்-ஆஃப் லீவர் இருக்கிறதே என்று நம்பி விடாதீர்கள். டிராக்கரை அந்த லீவருக்கு முன்பே இணைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். டிராக்டருக்கு நெகட்டிவைக் கழற்றினாலே போதும்.

மின்சார ஸ்கூட்டரில் எல்லாம் தலைகீழ். லித்தியம் பேட்டரி நிரம்பிய நிலையில் வெயிலில் கிடப்பதை விரும்பாது. 50, 60 சதவீதத்தில் நிழலில் நிறுத்தி, சார்ஜரைக் கழற்றி, மாதம் ஒருமுறை பார்த்து 30-க்கு இறங்கியிருந்தால் மறுபடி 60-க்கு ஏற்றுங்கள். பூஜ்யத்தில் விட்டுப் போனால் உள்ளே இருக்கும் பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணிக்கும் மின்னணுப் பலகை) மிச்சத்தையும் குடித்து, கடைசியில் சார்ஜரை ஏற்காமல் பூட்டிக்கொள்ளும். மின்சாரக் காரில் பெரிய பேட்டரி எவ்வளவு நிறைந்திருந்தாலும் பூட்டு, கம்ப்யூட்டரை எழுப்புவது தனி 12 வோல்ட் பேட்டரிதான். சில மாடல்கள் பெரியதிலிருந்து தாமே அதை நிரப்பிக்கொள்ளும், சில செய்யாது. கையேட்டில் நீண்ட நாள் நிறுத்துவது பற்றிய பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

மூன்றாவது பேட்டரி வாங்கும்போது

கடையில் தயாரித்த மாதத்தைப் பாருங்கள், அதோடு உங்கள் மீட்டரை எடுத்துப் போய் வோல்ட்டும் பாருங்கள். அலமாரியில் ஆறு மாதம் சார்ஜ் இல்லாமல் கிடந்தது உங்கள் கைக்கு வரும் முன்பே சல்ஃபேட் ஆகியிருக்கும். 12.5-க்குக் கீழே காட்டினால் வேறு கேளுங்கள். பெரிய ஏஎச் போட்டால் நாள் தாங்கும் என்று 35-க்குப் பதில் 45 போடுவதில் லாபம் குறைவு. கசிவு அதேதான், ஒரு வாரம் கூடுதலாகத் தாங்கும், அவ்வளவே. முனைகளின் இடவலமும் தட்டின் அளவும் பொருந்த வேண்டும். வெள்ளையும் பச்சையும் பூத்த பழைய கிளாம்ப்புகளைச் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, தேய்த்து, காயவைத்து மாட்டி, மேலே பெட்ரோலியம் ஜெல்லி பூசுங்கள்.

புது பேட்டரியைப் பெரும்பாலும் லீவு முடிந்து விமானம் ஏறுவதற்கு முந்தின நாள்தான் மாட்டுவார்கள். கடையிலிருந்து வரும் பேட்டரி முழு சார்ஜில் இருக்கும் என்று எண்ண வேண்டாம். இரண்டு நாள் முன்பே வாங்கி, ஒரு ராத்திரி சார்ஜரில் போட்டு, மறுநாள் மாலை 12.6 நிற்கிறதா என்று பார்த்து, பிறகு நெகட்டிவைக் கழற்றிவிட்டுக் கிளம்புங்கள்.